அறுநூறு பேர், 1.2 கிலோமீட்டர், ஒரு ஞாயிறு காலை: திருப்பூர் ஊர்வல அனுமதி – நிகழ்வு ஆய்வு

இங்கே பிரித்துப் பார்க்கப்படும் மனு எந்தத் தனிச் சங்கத்தின் மனுவும் அல்ல. கொங்கு நகரங்களில் தொழிற்சங்கங்களும் விவசாய சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் கொடுக்கும் ஊர்வல மனுக்கள் எங்கே முட்டி நிற்கின்றன, எங்கே கரையேறுகின்றன என்பதை ஒரே கோப்பில் காட்டுவதற்காகக் கட்டிய மாதிரி. ஊரும் சட்டமும் நிஜம்; சங்கமும் அதன் மனுவும் மாதிரி.

சங்கம் பனியன் தொழிலாளர்களுடையது. கோரிக்கை கூலி உயர்வு. முதல் மனுவில் கேட்டது இது: திங்கள்கிழமை காலை 10 மணிக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே குமரன் நினைவகத்தில் கூடி, ஊர்வலமாகப் பல்லடம் சாலை ஆட்சியர் அலுவலகம் வரை நடந்து, மனுக் கொடுத்துக் கலைவது. ஆட்கள் ‘சுமார் 300 பேர்’. மனு இரண்டு பக்கம். அதில் ஒன்றேமுக்கால் பக்கம் கூலி, பஞ்சப்படி, விலைவாசி. சாலையைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘முக்கிய வீதிகள் வழியாக’.

மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. மறுப்பு என்று சொல்லவில்லை. “வேற தேதி பாருங்க” என்றார்கள். பெரும்பாலான மனுக்களின் கதை இந்த இடத்தில்தான் கோணலாகிறது. சங்கத்தார் அதை அரசியலாக எடுத்துக்கொண்டு அறிக்கை விடுவார்கள். ஸ்டேஷனில் அதை வீம்பாக எடுத்துக்கொள்வார்கள். மனுவைத் திரும்ப எடுத்துப் படித்தால், கோரிக்கையில் யாரும் கை வைக்கவில்லை என்பது தெரியும். கூலி உயர்வு நியாயமா என்று முடிவு செய்வது இன்ஸ்பெக்டரின் வேலையும் அல்ல. அவர் தேடியது சாலையை. மனுவில் சாலை இல்லை.

முதல் மனு ஏன் நின்றது

முதல் பிழை கிழமை. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மாவட்டம் முழுவதிலிருந்தும் மனுவோடு வருகிறவர்கள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் என்று வளாகம் காலையிலேயே நிறைந்திருக்கும். தீக்குளிப்பு முயற்சி நடந்துவிடக் கூடாதென்று வாசலில் பையைச் சோதித்து உள்ளே விடும் நாளும் அதுதான். அந்த நாளில் ஊர்வலம் கேட்டால் எந்த ஊரிலும் தயங்குவார்கள்.

இரண்டாவது, தூரம். ரயில் நிலையத்திலிருந்து ஆட்சியர் அலுவலகம் வரை நடப்பதென்றால் ஊரின் நெரிசல் மிகுந்த பாதியைக் கடக்க வேண்டும். ஊர்வலம் ஒவ்வொரு கிலோமீட்டர் நீளும்போதும் நிறுத்தப்படும் சந்திப்புகள் கூடும், ஒவ்வொன்றுக்கும் போக்குவரத்துக் காவலர் தேவைப்படுவார். மனுக் கொடுக்க ஐந்து பேர் வண்டியில் போனாலே போதும். அதற்காக முந்நூறு பேர் நடக்கத் தேவையில்லை.

மூன்றாவது, நோட்டீஸ். மனுவில் 300. சுவரில் ஒட்டிய நோட்டீசிலோ ‘ஆயிரக்கணக்கில் அணி திரள்வீர்’. இந்த முரண் மிகச் சாதாரணமாக நடக்கிறது. காவல் துறையின் நுண்ணறிவுப் பிரிவினர் மனுவைப் படிப்பதற்கு முன்பே நோட்டீசைப் படித்துவிடுவார்கள் என்பதைச் சங்கங்கள் மறந்துவிடுகின்றன. பிறகு ஸ்டேஷனில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“எத்தனை பேருங்க வருவாங்க?”

“முந்நூறு பேருங்க சார்.”

“நோட்டீசுல ஆயிரக்கணக்குலன்னு போட்டிருக்குதே?”

“அது ஒரு இதுக்குப் போடறதுங்க.”

அந்த ‘ஒரு இது’தான் மனுவைக் கவிழ்க்கிறது. சொன்ன எண்ணையே நம்ப முடியாத மனுதாரர் சொல்லும் நேரத்தையும் பாதையையும் அதிகாரி நம்பமாட்டார்.

நான்காவது பிழை யாருடைய கண்ணிலும் படாதது: திங்கள் காலை 10 மணிக்கு பனியன் கம்பெனிகளில் வேலை நடந்துகொண்டிருக்கும். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போனவர் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். சங்கம் தன் உறுப்பினர்களே வர முடியாத நேரத்தைக் கேட்டிருந்தது. சனிக்கிழமை சம்பள நாள்; அன்று மாலை கடைவீதி கொள்ளாது. ஆக மிச்சம் இருப்பது ஞாயிறு காலை.

யாரிடம் கேட்பது

கோவை, திருப்பூர், சேலம் ஆகிய மூன்று ஊர்களிலும் மாநகரக் காவல் ஆணையர் உண்டு. அங்கே 1888ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு செல்லும், மனு ஆணையருக்கு. ஈரோடும் கரூரும் நாமக்கல்லும் மாநகராட்சிகளாக இருந்தாலும் அங்கே ஆணையரகம் இல்லை; காவல் கண்காணிப்பாளர்தான். அங்கே காவல் துறை கையில் எடுப்பது 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவு. ‘30(2) அமலில் இருக்கிறது’ என்று ஸ்டேஷனில் சொன்னால், அனுமதி பெறாமல் கூடக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

சிக்கல் எல்லையில் வரும். திருப்பூர் மாநகர எல்லை முடிந்து பல்லடம், அவிநாசி பக்கம் போனால் அது மாவட்டக் காவல். கோவை மாநகரை விட்டு சூலூர் பக்கம் போனால் அதுவும் அப்படியே. ஊர்வலம் எல்லையைத் தாண்டினால் இரண்டு அனுமதி வேண்டும். ஒருவர் கொடுத்து இன்னொருவர் கொடுக்காமல் ஊர்வலம் நடு வழியில் நின்றுபோவது உண்டு. முடிந்தவரை பாதையை ஒரே சரகத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் கணக்கே மாறும். 2023லும் 2025லும் ஈரோடு கிழக்கில் இடைத்தேர்தல் வந்தபோது அந்தத் தொகுதியில் நடத்தை விதிகள் இருந்தன. அரசியல் கூட்டமே அல்ல என்றாலும் தேர்தல் அலுவலரைக் கேட்காமல் ஸ்டேஷன் கையெழுத்துப் போடாது. கோவையில் மாசி மாதக் கோனியம்மன் தேர், திருப்பூரில் வைகாசி விசாகத் தேர், விநாயகர் சதுர்த்தி ஊர்வலம் போகும் நாட்கள் – இவற்றைக் காலண்டரில் பார்க்காமல் தேதி குறித்தால் அலைச்சல்தான். அந்த நாட்களில் பந்தோபஸ்துக்கு ஆள் எடுத்தது போக ஸ்டேஷனில் மிஞ்சுவது சிலரே.

சாலைக் கணக்கு

இரண்டாவது மனுவில் சங்கம் சாலையை எழுதியது. கோரிக்கை ஐந்து வரிக்குள் சுருங்கியது. கேட்டது: ஞாயிறு காலை 10 முதல் 12 வரை. குமரன் நினைவகத்திலிருந்து குமரன் சாலை வழியே மாநகராட்சி அலுவலகப் பக்கம் வரை. அளந்து பார்த்ததில் 1.2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் 600.

இந்த 600 சாலையில் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒரு வழித்தடம் சுமார் மூன்றரை மீட்டர் அகலம். அதில் நால்வர் வரிசையாக நடக்கலாம். 600 பேர் என்றால் 150 வரிசை. வரிசைக்கு வரிசை ஒன்றரை மீட்டர் விட்டால் 225 மீட்டர். முன்னால் பேனர், மைக் வண்டி இவற்றுக்கு 25 மீட்டர். ஆக 250 மீட்டர் நீளம். கோஷம் போட்டுக்கொண்டு நடக்கிற கூட்டம் நிமிடத்துக்கு 40 மீட்டருக்கு மேல் போகாது. ஆகவே ஒரு சந்திப்பை ஊர்வலம் முழுவதும் கடக்க ஆறு ஏழு நிமிடம். தலைப்பகுதி 30 நிமிடத்தில் முடிவிடம் சேரும். வால் 37ஆம் நிமிடத்தில்.

போக்குவரத்து இன்ஸ்பெக்டருக்கு வேண்டியது இந்த ‘ஆறு ஏழு நிமிடம்’தான். சிக்னலில் இரண்டு மூன்று சுற்று நிறுத்தினால் சமாளித்துவிடலாம் என்று அவரால் அந்த இடத்திலேயே கணக்குப் போட முடியும். அதே இடத்தில் 1,500 பேர் வந்தால் ஊர்வலம் கிட்டத்தட்ட 590 மீட்டர், சந்திப்பு அடைபடுவது 15 நிமிடம். அப்போது பஸ்களைத் திருப்பிவிட வேண்டும், போக்குவரத்துக் கழகத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லி அனுமதி வாங்கியவர்கள் அன்றைக்கு மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஒரு சூட்சுமம். “இரண்டிரண்டு பேராகப் போங்க” என்று ஸ்டேஷனில் சொல்வது வழக்கம். சாலை அகலம் மிச்சமாகும் என்பது எண்ணம். ஆனால் அதே 600 பேர் இருவராக நடந்தால் 300 வரிசை, 450 மீட்டர்; பேனர், மைக் வண்டியோடு 475. சந்திப்பைக் கடக்க 12 நிமிடம். அகலத்தில் மிச்சம் பிடித்ததை நீளத்தில் தொலைக்கிறோம். சந்திப்புகள் நிறைந்த பாதையில் நால்வராக நடப்பதே நல்லது என்று கணக்கைக் காட்டிப் பேசினால் பல அதிகாரிகள் ஏற்றுக்கொள்வார்கள்.

முடிவிடத்துக்கும் கணக்கு உண்டு. நின்று கேட்கும் கூட்டத்துக்கு ஒரு சதுர மீட்டரில் இருவர் என்று வைத்தால் 600 பேருக்கு 300 சதுர மீட்டர்: 5 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம். ஒரு சதுர மீட்டரில் நால்வரைத் தாண்டினால் கை அசைக்க இடமிருக்காது. அதற்கு மேல் போனால் கூட்டம் தன் விருப்பப்படி நகர முடியாது, தள்ளுவிசைதான் நகர்த்தும்.

கரூர் இதை எல்லோருக்கும் தெரிய வைத்தது. 2025 செப்டம்பர் 27 அன்று வேலுசாமிபுரத்தில் தமிழக வெற்றிக் கழகத் தலைவர் விஜய் கலந்துகொண்ட பரப்புரைக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. பொறுப்பு யாருடையது என்ற வழக்குக்குள் போக இது இடமல்ல. மனு எழுதுகிறவர் பார்க்க வேண்டியது, சம்பவத்துக்குப் பின் காவல் துறை வெளியே சொன்ன எண்களை மட்டும்: மனுவில் 10,000 பேர், வந்தவர்கள் சுமார் 27,000. அனுமதி பிற்பகல் 3 முதல் இரவு 10 வரை. கூட்டம் சேரத் தொடங்கியது காலை 11 மணியிலிருந்து. பேச்சாளர் வந்தது இரவு 7.40 வாக்கில். எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற கூட்டத்துக்குத் தண்ணீரும் கழிப்பறையும் நிழலும் வேறு கணக்கு. அந்தக் கணக்கு எந்த அனுமதித் தாளிலும் இல்லை. அதன் பின் பெருங்கூட்டங்களுக்கு நிலையான வழிமுறை வகுக்கும்படி உயர் நீதிமன்றம் அரசிடம் சொன்னது. பல ஆயிரம் பேரைக் கூட்ட நினைப்பவர்கள் மனுக் கெடு, வைப்புத்தொகை பற்றி அன்றைய நடைமுறையை ஸ்டேஷனிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். பழைய மனுவை நகலெடுத்து வேலைக்கு ஆகாது.

கோப்பில் என்ன இருந்தது

ஐந்து நாள் முன்பு கொடுத்தால் போதும் என்பது பொதுவான வழக்கம். ஊர்வலத்துக்கு அது போதாது. பதினைந்து நாள் வைத்துக்கொள்வது நலம். மனு ஆணையர் அலுவலகத்திலிருந்து உதவி ஆணையருக்கு, அங்கிருந்து சரக ஸ்டேஷனுக்கு, கூடவே போக்குவரத்துப் பிரிவுக்கும் நுண்ணறிவுப் பிரிவுக்கும் போய், எல்லோருடைய அறிக்கையும் திரும்பி வர வேண்டும். தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குவது கட்டாயம். முத்திரை இல்லாத மனு நீதிமன்றத்தின் கண்ணில் கொடுக்கப்படாத மனுதான். கூடுதல் பாதுகாப்புக்கு விரைவு அஞ்சலிலும் ஒரு பிரதி.

இரண்டாவது மனுவோடு வைத்தவை: சங்கப் பதிவுச் சான்று, பொறுப்பேற்கும் மூவரின் அடையாள அட்டை நகல், கைபேசி எண், திருப்பமும் சந்திப்பும் குறித்த கைவரைபடம், மைக் வண்டியாக வரும் டாடா ஏஸின் பதிவெண், ஓட்டுநர் உரிமம், பேசுகிறவர்கள் பட்டியல், தொண்டர்கள் 24 பேரின் பெயர். இருபத்தைந்து பேருக்கு ஒரு தொண்டர் என்பது கணக்கு. இதோடு மாற்றுத் தேதி ஒன்றும் மாற்றுப் பாதை ஒன்றும். மாற்றுப் பாதையைச் சங்கமே எழுதிக் கொடுப்பதில் ஒரு லாபம் உண்டு: ‘இந்தச் சாலை முடியாது’ என்று சொல்லி மனுவை மூடிவிட முடியாது. அடுத்த பாதை ஏன் முடியாது என்றும் எழுத வேண்டியிருக்கும்.

பொதுச் சொத்துச் சேதம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009ல் கொடுத்த வழிகாட்டுதல்களில், அமைப்பாளர்கள் காவல் துறையைச் சந்தித்துப் பாதையை முடிவு செய்வதும், கத்தி, கம்பு எதுவும் வராமல் பார்ப்பதும், உறுதிமொழி கொடுப்பதும், நிகழ்வைப் படம் பிடிப்பதும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அனுமதித் தாளின் பின்பக்க நிபந்தனைகளில் பாதி இதிலிருந்து வந்தவை. கொடிக்கம்பைக் கம்பு என்று சொல்லிப் பறிக்கிற தகராறு அடிக்கடி நடப்பதால், கனமில்லாத பிளாஸ்டிக் குழாயில் கொடி கட்டுவதே புத்திசாலித்தனம். உருவ பொம்மை பற்றி ஸ்டேஷனில் கட்டாயம் கேட்பார்கள். எரிக்கும் உத்தேசம் இல்லையென்றால் மனுவிலேயே ‘இல்லை’ என்று எழுதிவிடலாம்.

ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்: இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது, மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். கூம்பு ஸ்பீக்கர் கட்டவே கூடாது, பெட்டி ஸ்பீக்கர்தான். பாதையில் மருத்துவமனை வந்தால் அந்த 100 மீட்டருக்கு மைக்கை நிறுத்திவிடுவோம் என்று சங்கமே எழுதிக் கொடுத்தது. பிளக்ஸ் பேனர், அலங்கார வளைவு வைப்பது மாநகராட்சியிடம் தனியாகக் கேட்க வேண்டியது. போலீஸ் அனுமதி அதற்குச் செல்லாது. ஒரு காலை ஊர்வலத்துக்கு வளைவே தேவையில்லை, விட்டுவிடலாம்.

மறுத்தால்

இந்த மாதிரியில் இரண்டாவது மனுவுக்கு அனுமதி கிடைத்தது. கிடைக்காமல் போகும் மனுக்களும் உண்டு. அப்போது முதலில் கேட்க வேண்டியது எழுத்து வடிவ உத்தரவு. வாய்மொழி மறுப்பை நீதிமன்றத்தில் காட்ட முடியாது. ‘சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்பட வாய்ப்பு’ என்ற ஒற்றை வரி மறுப்புக்கு எதிராகத்தான் பெரும்பாலும் ரிட் மனு போடப்படுகிறது. அரசியல் சாசனத்தின் 19(1)(ஆ) ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. தெருவில் கூடுவதை ஒழுங்குபடுத்தலாம், ஒட்டுமொத்தமாக மூட முடியாது என்பது அகமதாபாத் வழக்கில் 1972லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுபக்கமும் உண்டு: பொதுச் சாலையைக் காலவரையின்றி அடைத்து உட்கார முடியாது என்று 2020 அக்டோபரில் ஷாகீன் பாக் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. தொடக்கமும் முடிவும் உள்ள மனுவுக்கு இரண்டு தீர்ப்பும் பகை அல்ல.

எந்த நீதிமன்றம் என்பதில் கொங்கு நாடு இரண்டாகப் பிரிகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மனுக்கள் சென்னைக்குப் போகும். கரூர் மனு மதுரைக் கிளைக்கு. மறுப்பு உத்தரவு முந்தின நாள் மாலை வந்தால் எந்த நீதிமன்றத்துக்கும் ஓட நேரமிருக்காது. ஆகவே ஊர்வலத்துக்கு ஆறு நாள் இருக்கும்போதே ‘முடிவைத் தெரிவிக்கவும்’ என்று நினைவூட்டல் மனு ஒன்றைக் கொடுத்து முத்திரை வாங்கி வைக்க வேண்டும்.

அனுமதி இல்லாமலே கூடிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வழக்கம்போல வேனில் ஏற்றித் திருமண மண்டபத்தில் வைத்து மாலையில் விடுவார்கள். வழக்கு என்னவோ நிற்கும். கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையம் ஸ்டேஷன் வழக்கை ஒட்டி 2018 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது இங்கே உதவும்: உத்தரவை மீறியதாகச் சொல்லும் குற்றத்துக்குப் போலீஸ் தானாக முதல் தகவல் அறிக்கை போட முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்து மூலம் புகார் தர வேண்டும், 30(2) என்பது ஒழுங்குபடுத்தும் அதிகாரம், எதிர்ப்புக் குரலையே ஒட்டுமொத்தமாக அடைக்கும் அதிகாரம் அல்ல. 2024 ஜூலை 1 முதல் பிரிவு எண்கள் மாறிவிட்டன. உத்தரவை மீறும் குற்றத்துக்கான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 188 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223. பழைய 144 தடை உத்தரவு நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163. பழைய எண்ணைப் போட்டு மனு எழுதினால் சிரிப்பார்கள்.

அன்றைய காலை

தொடக்க இடமாகக் குமரன் நினைவகத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. 1932 ஜனவரி 10 அன்று கொடியோடு ஊர்வலம் போனபோது அடிபட்டு மறுநாள் இறந்தவர் குமரன். யாரிடமும் முத்திரை வாங்கிய ஊர்வலம் அல்ல அது. 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவைத் தெருக்களை அடைத்ததும் யாருக்கும் நிமிடக் கணக்கு எழுதிக் கொடுத்துச் செய்ததல்ல. அது வேறு வகைப் போராட்டம், அதற்கு வேறு விலை. இந்த ஆய்வு கூலிக்காகக் கூடி மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போக நினைக்கிறவர்களைப் பற்றியது.

காலை 9 மணிக்குத் தொண்டர்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் 30. ஆளுக்கு ஒரு லிட்டர். ஊர்வலத்தின் இரண்டு பக்கமும் கயிறு பிடிக்க ஆள். வாலில் நடக்கும் தொண்டரிடம் போன். வால் எந்தச் சந்திப்பைத் தாண்டியது என்று முன்னால் சொல்லிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் தலைப்பகுதி வேகமாகப் போய் நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் பைக்குகள் நுழையும். நுழைந்த பைக்கோடு வாக்குவாதம், வாக்குவாதத்தில் தள்ளுமுள்ளு. ஊர்வலங்கள் கெடுவது பெரும்பாலும் இப்படித்தானே தவிரக் கோஷத்தால் அல்ல. மைக் வண்டி முன்னால் நிற்காமல் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று புறப்படும் முன் மைக்கில் ஒருமுறை சொல்லிவிட வேண்டும்.

10.20க்குப் புறப்பட்டால் வால் 10.57க்கு முடிவிடம் வரும். பேச்சாளர் ஐவர், ஆளுக்கு எட்டு நிமிடம் என்றால் 11.40க்கு முடிந்து, கலைய 20 நிமிடம் கையில் இருக்கும். இந்த 20 நிமிடத்தைப் பேச்சாளர்கள் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது ஊர்வலத்தை நடத்துவதைவிடக் கடினம். அனுமதி 12 வரை என்றால் 12க்குச் சாலை காலியாக இருக்க வேண்டும்; 12க்கு நன்றியுரை அல்ல.

முடிந்ததும் சங்க அலுவலகத்தில் கோப்பு மூடும் முன் மூன்றைக் குறித்து வைக்க வேண்டும்: உண்மையில் வந்த எண்ணிக்கை, வால் முடிவிடம் சேர்ந்த நேரம், மைக்கை நிறுத்திய நேரம். அனுமதித் தாள், முத்திரை நகல், வீடியோ ஆகியவற்றோடு அந்தத் துண்டுச் சீட்டும் இருக்கட்டும். அடுத்த முறை மனுவில் ‘சென்ற முறை 600 என்று கேட்டோம், 640 பேர் வந்தார்கள், 11.45க்குக் கலைந்தோம்’ என்று எழுத அது வேண்டும்.